எட்டு இருபதுக்கு வர வேண்டிய பஸ்

கேள்வி: எங்கள் ஊரிலிருந்தும் பக்கத்து ஊரிலிருந்தும் 41 பிள்ளைகள் 11 கிலோமீட்டர் தள்ளியுள்ள அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். காலையில் பஸ் 8.55க்குத்தான் வருகிறது. பிள்ளைகள் வகுப்புக்குள் நுழைவதற்குள் முதல் பீரியட் ஓடிவிடுகிறது. அதற்கு முந்தைய பஸ் 6.40க்கு. ஒன்றரை வருடத்தில் கலெக்டர் ஆபீசில் மூன்று மனு கொடுத்துவிட்டோம். ஒரு மனுவுக்கு மட்டும் பதில் வந்தது. அதிலும் சுற்றுச்சுவரைப் பற்றித்தான் இருந்தது. அடுத்த மாதம் எம்.எல்.ஏ. ஊருக்கு வருகிறார். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி என்பதால் நான்தான் பேச வேண்டும் என்கிறார்கள். நான் பத்தாவது வரை படித்தவள், தையல் வேலை செய்கிறேன். பெரிய மனிதர்கள் முன்னால் நின்றால் சொல்ல வந்தது மறந்துபோகிறது. எப்படிப் பேசினால் கேட்பார்கள்? மனுவின் நகலும் வந்த பதிலும் இணைத்திருக்கிறேன்.

— ஒரு வாசகி, வட மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்கு வந்த அந்தப் பதிலைத்தான் முதலில் படித்தேன். நிதி ஒதுக்கீடு வந்தவுடன் சுற்றுச்சுவர் கோரிக்கை பரிசீலிக்கப்படும் என்று நான்கு வரி. பிறகு உங்கள் மனுவைப் புரட்டினேன். மூன்று பக்கம். சுற்றுச்சுவர், கழிப்பறைக்குத் தண்ணீர், தெருவிளக்கு, ரேஷன் கடைக்குச் சொந்தக் கட்டடம், பஸ், மதுக்கடையை அகற்றுவது. பஸ் ஐந்தாவதாக வருகிறது. சுவருக்கு ஏன் பதில் வந்தது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. அதே மாதிரிப் பதில்களை நானும் வருடக்கணக்கில் அனுப்பியிருக்கிறேன்.

வருவாய்த் துறையில் 32 ஆண்டு வேலை பார்த்தேன். அதில் ஆறு ஆண்டு கலெக்டர் அலுவலகத்தின் மனுப் பிரிவு. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் என்றால் காலை எட்டு மணிக்கே வரிசை நிற்கும். கைக்குழந்தையோடு வந்தவர்கள், ஊன்றுகோலோடு வந்தவர்கள், வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தவர்கள். மனுவை வாங்கியதும் கணினியில் பதிந்து, எண் போட்டு, எந்தத் துறைக்கு என்று குறிக்க வேண்டும். பதிகிற ஊழியருக்கு ஒரு மனுவுக்கு ஒரு நிமிடம் கிடைக்கும், மிஞ்சிப்போனால் இரண்டு. அதற்குள் ‘பொருள்’ வரியைப் பார்ப்பார், முதல் பத்தியில் கண்ணை ஓட்டுவார், முதலில் தட்டுப்படும் கோரிக்கை எந்தத் துறையுடையதோ அந்தத் துறைக்குத் தள்ளிவிடுவார். உங்கள் மனுவின் பொருள் ‘எங்கள் ஊருக்கு அடிப்படை வசதிகள் வேண்டுதல்’. முதல் பத்தி முழுக்க நாடு சுதந்திரம் அடைந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் என்று போகிறது. இரண்டாம் பத்தியில் சுவர். சுவர் என்றதும் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குப் போயிற்று. அங்கே பஸ் அவர்கள் வேலை இல்லை. சுவருக்குப் பதில் எழுதி மனுவை முடித்துவிட்டார்கள்.

இந்த ஒன்றரை வருடத்தில் பஸ் விட முடியாது என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அம்மா. நீங்கள் பஸ் கேட்கிற விஷயம் போக்குவரத்துக் கழகத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. அதனால் மனம் விட வேண்டாம். உங்கள் கோரிக்கையை இன்னும் ஒருவரும் பார்க்கவில்லை, இனிமேல்தான் பார்க்கப் போகிறார்கள்.

இதை எழுதும்போது ஒரு பெண்மணியின் நினைவு வருகிறது. கணவரை இழந்தவர். அவருடைய மனு நான்கு பக்கம். முதல் மூன்று பக்கமும் பங்காளிச் சண்டை. ‘நிலத் தகராறு, தக்க நடவடிக்கைக்காக’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டு வருடம் கழித்து வேறொரு காரணத்துக்காகப் பழைய கட்டைப் பிரித்தபோது அந்த நான்காம் பக்கத்தைப் படித்தேன். அவர் கேட்டது விதவை உதவித்தொகை. தகுதி இருந்தது. பிரித்துப் படித்து உரிய மேசைக்கு அனுப்பியிருந்தால் கிடைத்திருக்கும். கடைசிப் பக்கம் வரை படிக்காதது என் தவறுதான். ஆனால் மனு எழுதுகிறவர்களிடம் நான் இன்றைக்கும் கையைப் பிடித்துச் சொல்வது இதைத்தான்: படிக்கிறவர் உங்களுக்கு ஒரே ஒரு நிமிடம் தருவார் என்று நினைத்துக்கொண்டே எழுதுங்கள். ஒரு மனுவில் ஒன்றைக் கேளுங்கள். அதையும் முதல் வரியிலேயே கேளுங்கள்.

கேட்பது கையால் தொட்டுக் காட்டக்கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது. கோழிக்கோட்டுத் துணிக்கடைகளில் வேலை பார்த்த பெண்கள் நாள் முழுக்க உட்காரக் கூடாது என்ற நிலைமை இருந்தது. கால் வீங்கும், நரம்பு சுருட்டிக்கொள்ளும். தொழிலாளர் நலம், பெண்களின் கண்ணியம் என்று எவ்வளவோ பெரிய சொற்கள் அவர்களுக்குக் கைவசம் இருந்தன. அவர்கள் கேட்டது உட்காரும் உரிமை. ஒரு நாற்காலி. கேட்ட மாத்திரத்தில் யாருக்கும் புரியும். கொடுக்க மாட்டேன் என்று சொல்பவர்தான் அதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாட்டிலும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் அதே திருத்தம் வந்தது. உங்களுடைய நாற்காலி, 8.55 பஸ் 8.20க்கு வருவது. ‘போக்குவரத்து வசதி’ என்று எழுதாதீர்கள். எட்டு இருபது என்று எழுதுங்கள்.

அடுத்தது, எந்த மேசை. எல்லாருக்கும் கலெக்டரிடம் கொடுத்தால்தான் திருப்தி. அதில் தவறில்லை, ஆனால் கலெக்டர் அந்த மனுவைக் கீழேதான் அனுப்புவார். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நகரப் பேருந்தின் நேரம் என்றால் முதலில் போக வேண்டியது அந்தப் பஸ் எந்தப் பணிமனையிலிருந்து வருகிறதோ அந்தக் கிளை மேலாளரிடம். அவர் கையில் இல்லையென்றால் மண்டலப் பொது மேலாளர். புதிய பஸ், புதிய தடம் என்றால் பேச்சு வேறு. வண்டி வேண்டும், ஓட்டுநர் வேண்டும், நடத்துநர் வேண்டும், பெர்மிட் வேண்டும். நீங்கள் கேட்பது இருக்கிற வண்டியை முப்பத்தைந்து நிமிடம் முன்னே கொண்டுவருவது. இந்த வித்தியாசத்தை மனுவிலும் சொல்லுங்கள், வாயாலும் சொல்லுங்கள். ‘புது பஸ் கேக்கல சார்’ என்ற வார்த்தையைக் கேட்டதும் மேலாளர் நிமிர்ந்து உட்காருவார்.

ஆனால் மேலாளரைப் பார்க்கும் முன்னால் அந்தப் பஸ்ஸைத் தெரிந்துகொள்ள வேண்டும். என் கருத்தில் பேச்சுத் திறமையைவிட இதுதான் முக்கியம். ஒரு வேலைநாளில் 8.55 பஸ்ஸில் ஏறி நடத்துநர் பக்கத்து சீட்டில் உட்காருங்கள். ‘அண்ணே, இந்த வண்டி எங்க ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி எங்க போயிட்டு வருது?’ என்று கேளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை சிங்கிள் (ஒரு வழி நடை), எந்த ஊரில் எத்தனை நிமிடம் நிற்கிறது, எங்கே கூட்டம், எங்கே காலியாக வருகிறது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பரிடமும் விசாரியுங்கள். எட்டு மணிக்கு அந்த வண்டி வேறொரு ஊரில் தறி வேலைக்குப் போகிறவர்களையோ கட்டட வேலைக்குப் போகிறவர்களையோ ஏற்றிக்கொண்டிருக்கலாம். நேரத்தை மாற்றினால் அவர்கள் வேலை கெடும். அப்படியிருந்தால் அது உங்களுக்கு முதலில் தெரிய வேண்டும். அந்த ஊர்ப் பெண்களிடம் பேசி, அவர்களுக்கும் ஒத்துவரும் நேரம் எது என்று கேட்டு, அவர்கள் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனீர்கள் என்றால் மேலாளர் சொல்லப்போகும் முதல் மறுப்புக்கு உங்கள் கையில் பதில் இருக்கும். எந்த அதிகாரியும் ஒரு ஊரின் குறையைத் தீர்த்து இன்னொரு ஊரின் மறியலை வாங்கிக்கொள்ள விரும்ப மாட்டார்.

கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பத்துப் பள்ளி நாள், தினமும் ஒரே ஒரு வரி. தேதி, பஸ் உங்கள் நிறுத்தத்துக்கு வந்த நேரம், ஏறிய பிள்ளைகள் எத்தனை பேர், பள்ளிக்குள் நுழைந்த நேரம். காலையில் நிறுத்தத்துக்கு வரும் அம்மாக்களில் ஒருவர் எழுதலாம். பள்ளிக்குள் நுழைந்த நேரத்தைப் பெரிய பிள்ளை ஒன்று மாலையில் வந்து சொல்லலாம். ஒரு நாள் 8.50க்கே வந்தால் 8.50 என்றே எழுதுங்கள். ஒரு நாள் வராமலே போனால் வரவில்லை என்று எழுதுங்கள். உங்களுக்குச் சாதகமாக ஒரு எழுத்தைக்கூடத் திருத்த வேண்டாம். மேலாளர் தன் பணிமனைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒரு நாள் கணக்கு பொய் என்று தெரிந்தால் மீதி ஒன்பது நாளும் பொய்யாகிவிடும். உங்கள் மனுவில் ‘நூற்றுக்கணக்கான மாணவர்கள்’ என்று இருக்கிறது. கடிதத்தில் 41 என்கிறீர்கள். 41தான் பலமான எண். போய்ப் பார்த்தால் 41 பிள்ளைகள் நிற்பார்கள்.

பத்தாம் நாள் அந்த நோட்டைத் தலைமையாசிரியரிடம் காட்டி, தாமதமாக வரும் பிள்ளைகள் இத்தனை பேர், முதல் பாடவேளையில் நடக்கும் பாடங்கள் இவை என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தரச் சொல்லுங்கள். நீங்கள் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. அந்தக் குழு 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் வழியே வந்த அமைப்பு. நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தில் உள்ளது. குழுக் கூட்டத்தில் பஸ் நேரம் பற்றி ஒரு தீர்மானம் போட்டு அதன் நகலையும் சேருங்கள். தனி ஆள் மனுவுக்கும் தீர்மானத்தோடு வரும் மனுவுக்கும் அலுவலகத்தில் வேறு மரியாதை. பத்தாவது படித்தவள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மேசைக்கு முன்னால் நீங்கள் 41 குடும்பத்தின் சார்பில் போய் நிற்கிறீர்கள், அதை மறக்க வேண்டாம்.

எண்ணைக் காகிதத்தில் எழுதித்தான் காட்ட வேண்டும் என்றும் இல்லை. ஒரு மழைக்காலத்தில் பெரியவர் ஒருவர் வந்தார். அவர் தெருவில் வடிகால் அடைத்துப் பள்ளிக்கூடத்துக்குள் தண்ணீர் புகுகிறது என்பது புகார். அவருக்கு எழுதத் தெரியாது. பேச ஆரம்பித்ததும் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு கயிற்றுத் துண்டை எடுத்தார். நடுவில் ஒரு முடிச்சு. ‘ஐயா, இந்த நுனி தரை. இந்த முடிச்சு, போன வருசம் பள்ளிக்கூடச் செவுத்துல தண்ணி நின்ன இடம்’ என்று தரையிலிருந்து தூக்கிப் பிடித்தார். முடிச்சு அவர் இடுப்புக்கு மேலே வந்தது. பக்கத்தில் இருந்த பொறியாளர் நாற்காலியிலிருந்து எழுந்து, அந்தக் கயிற்றை வாங்கி, அளவு நாடாவை வைத்து அளந்து, அந்த அளவை அப்படியே குறிப்பில் எழுதினார். அதே வாரம் ஆள் போய்ப் பார்த்தார்கள். அன்றைக்கு வந்த மற்ற மனுக்களில் ‘வெள்ளம் சூழ்ந்து பொதுமக்கள் பெரும் அவதி’ என்று எத்தனையோ இருந்தன. அந்த வரிகளைக் குறிப்பில் எழுதி எந்தப் பொறியாளரும் எதையும் மதிப்பிட முடியாது.

அலுவலகத்தில் எந்தக் காரியமும் குறிப்பில்தான் தொடங்கும். உங்கள் மனு வந்ததும் பிரிவில் இருக்கும் உதவியாளர் கோப்பில் ஒரு குறிப்பு எழுதி மேலே வைப்பார். அதிகாரி படிப்பது பெரும்பாலும் அந்தக் குறிப்பைத்தான். ஆகவே உதவியாளர் அப்படியே பார்த்து எழுதக்கூடிய சில வரிகளை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். இப்படி:

‘பொருள்: ... ஊர் நிறுத்தத்துக்குக் காலை 8.55க்கு வரும் நகரப் பேருந்தை, பள்ளி நாட்களில் 8.20க்கு வரும்படி நேரம் மாற்றித் தரக் கோருதல்.

ஐயா, தடம் எண் ... பேருந்தில் எங்கள் இரண்டு ஊர்களிலிருந்து 41 மாணவ மாணவியர் அரசு மேல்நிலைப் பள்ளிக்குச் செல்கின்றனர். பேருந்து பள்ளி நிறுத்தத்தை அடையும்போது 9.30 ஆகிவிடுகிறது. பள்ளி 9.15க்குத் தொடங்குகிறது. கடந்த பத்துப் பள்ளி நாட்களின் நேரப் பதிவும், தலைமையாசிரியரின் சான்றும், பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானமும் இணைத்துள்ளோம். புதிய பேருந்தோ கூடுதல் நடையோ கோரவில்லை. இந்த நேர மாற்றம் அதே தடத்தில் உள்ள ... ஊர்ப் பயணிகளுக்கும் ஏற்புடையது. அவர்களது கையொப்பம் இணைப்பில் உள்ளது.’

இவ்வளவுதான். கீழே உங்கள் பெயர், பொறுப்பு, போன் எண். தமிழில் எழுதுங்கள். 1956ஆம் ஆண்டிலிருந்தே தமிழ் இந்த மாநிலத்தின் ஆட்சிமொழி. ஆங்கிலத்தில் அடித்துத் தருகிறேன் என்று அலுவலக வாசலில் யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். சுவர், தண்ணீர், விளக்கு எல்லாம் நியாயமான கோரிக்கைகள்தான். ஒவ்வொன்றும் தனி மனுவாக, அந்தந்த அலுவலகத்துக்கு, வேறு வேறு வாரத்தில் போகட்டும். மாலை பஸ் பற்றியும் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதை இப்போது தொடாதீர்கள். காலை நேரம் மாறி இரண்டு மாதம் ஒழுங்காக ஓடட்டும்.

இனி எம்.எல்.ஏ. விஷயம். அதிகாரி விதியையும் வசதியையும் பார்ப்பார். மக்கள் பிரதிநிதி மனிதர்களைப் பார்ப்பார்: எத்தனை குடும்பம், எந்த ஊர், இதை முடித்துக் கொடுத்தால் ஊருக்கு என்ன சொல்லலாம். அப்படிப் பார்ப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை, அவரைத் தேர்ந்தெடுத்ததே அதற்குத்தான். உண்மை ஒன்றுதான், இவரிடம் அதன் எந்தப் பக்கத்தை முதலில் காட்டுவது என்பதுதான் மாறும். கிளை மேலாளரிடம் தடம் எண்ணிலிருந்து தொடங்குங்கள். எம்.எல்.ஏ.விடம் பிள்ளைகளிலிருந்து தொடங்குங்கள்.

அவரால் எது முடியும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் அவருக்கு உண்டு. அது கட்டடம், நிழற்குடை, சாலை போன்ற பணிகளுக்கானது. அதில் பஸ் ஓட்ட முடியாது. ‘உங்க நிதியில பஸ் விடுங்க’ என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினால் அவர் சிரித்துக்கொண்டே பார்க்கலாம் என்பார், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவரால் முடிந்தது, பொது மேலாளருக்கு ஒரு பரிந்துரைக் கடிதம், ஒரு போன். 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் 234 எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியில் தீர்க்கப்படாமல் இருக்கும் பத்து முக்கியக் கோரிக்கைகளைக் கலெக்டரிடம் கொடுக்கச் சொன்னார். ஒரு முழுத் தொகுதிக்குப் பத்து. அப்படி ஒரு பட்டியலில் உங்கள் ஊர் இடம் பெற வேண்டும் என்றால் அது ஒரு வரியில் அடங்க வேண்டும். 

அன்றைக்கு உங்களுக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் மாலை, சால்வை, செல்பி எல்லாம் இருக்கும். அவருடைய உதவியாளரை முதல் நாளே போனில் பிடித்து, ‘பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து ஒரே ஒரு விஷயம் பேசணும், ரெண்டு நிமிஷம் போதும்’ என்று சொல்லி வையுங்கள். பிறகு எதிரில் நின்று, உங்கள் வீட்டில் பேசுகிற தமிழிலேயே சொல்லுங்கள்:

‘வணக்கம் சார். நான் ஸ்கூல் மேலாண்மைக் குழுத் தலைவி. நம்ம ரெண்டு ஊர்ல இருந்து நாப்பத்தோரு பசங்க படிக்கப் போறாங்க. இருபத்தி மூணு பேரு பொம்பளப் புள்ளைங்க. பஸ் வர்றது எட்டு அம்பத்தஞ்சுக்கு. ஸ்கூல் ஒம்பதே காலுக்கு. தெனமும் முதல் பாடம் போயிடுது. புது பஸ் கேக்கல சார். இதே பஸ்ஸு எட்டு இருபதுக்கு வரணும். பொது மேலாளருக்கு நீங்க ஒரு கடிதம் குடுத்தீங்கன்னா ஆயிடும். கடிதத்தை எழுதியே கொண்டாந்திருக்கோம்.’

பெண் பிள்ளைகளின் எண்ணிக்கையை நான் உதாரணமாகத்தான் எழுதியிருக்கிறேன், உங்கள் நோட்டில் உள்ளதைச் சொல்லுங்கள். சத்தமாக வாசித்துப் பார்த்தேன், அரை நிமிடம்கூட ஆகவில்லை. மீதி நேரம் அவருடையது. கேட்பார், சந்தேகம் எழுப்புவார், பக்கத்தில் இருப்பவரிடம் ஏதாவது சொல்வார். அந்த நேரத்தில் குறுக்கே பேசி நிரப்ப வேண்டாம். தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது இந்த வரிகளைப் பத்துப் பதினைந்து தடவை சொல்லிப் பாருங்கள். முதல் வரி நாக்கில் ஏறிவிட்டால் மற்றது தானாக வரும். அதற்கும் மேலே மறந்தால் காகிதத்தைப் பார்த்துப் படியுங்கள். பார்த்துப் படிப்பதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை, சட்டசபையிலேயே பார்த்துத்தான் படிக்கிறார்கள். காலில் விழ வேண்டாம், கை கட்டி நிற்கவும் வேண்டாம். ‘சார்’ என்ற மரியாதை போதும். அவர் எந்தக் கட்சியோ, உங்கள் வீட்டில் எந்தக் கட்சியோ, அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். பிள்ளைகளைச் சீருடையோடு வரிசையாக நிறுத்தி வைக்கிற யோசனையும் வேண்டாம். வெயிலில் நிற்கப் போவது அவர்கள்தான். கூட ஒரு தாய் வந்தால் போதும். 6.40 பஸ்ஸில் போய்ப் பூட்டிய பள்ளி கேட்டுக்கு வெளியே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளையின் அம்மா யாராவது இருந்தால் அவர். அவர் சொல்வதற்கு யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

நீங்கள் கொடுக்கும் கடிதத்தில் எம்.எல்.ஏ. கையெழுத்துப் போட்டால் அதன் நகலை அங்கேயே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘பாக்கலாம்’ என்று மட்டும் சொன்னால், ‘எப்ப வந்து வாங்கிக்கட்டும் சார்?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். கிழமை ஒன்றைச் சொல்வார். அந்தக் கிழமை போய் நில்லுங்கள்.

ஊர் இளைஞர்கள் மறியல் செய்யலாம் என்று சொல்வதாக எழுதியிருந்தீர்கள். போராட்டம் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். நாற்காலி கேட்ட பெண்களும் தெருவில் நின்றுதான் வாங்கினார்கள். ஆனால் அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. உங்கள் கோரிக்கை இன்னும் உரியவர் காதுக்கே போகவில்லை. மறியல் செய்த அடுத்த வாரம் பஸ் 8.20க்கு வரும். ஒரு மாதத்தில் பழையபடி நழுவும். வழக்கு மட்டும் அந்தப் பையன்கள் பேரில் நிற்கும், நாளைக்குப் போலீஸ் வேலைக்கு எழுதும்போது குறுக்கே வரும். நோட்டோடு ஒரு தடவை போய்ப் பாருங்கள் என்று அவர்களிடம் சொல்லுங்கள். பஸ்ஸில் ஏறி விசாரிக்கிற வேலையில் பாதியை அவர்களிடமே கொடுக்கலாம்.

மனுவைக் கொடுத்ததும் ஒப்புகை வாங்காமல் வர வேண்டாம். பொதுமக்கள் மனுவுக்கு மூன்று நாளில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் முடிவு என்று 21.9.2015 தேதியிட்ட அரசாணை எண் 99 சொல்கிறது. அரசாணையைக் காட்டி மிரட்ட வேண்டாம். இரண்டு வாரம் கழித்து நேரில் போய், மனு எண்ணைச் சொல்லி, எந்த நிலையில் இருக்கிறது என்று அமைதியாகக் கேளுங்கள். பிரிவில் இருக்கும் உதவியாளரின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த தடவை பெயர் சொல்லிக் கேட்டால் கோப்பு மேலே வரும். ஒரு மாதம் தாண்டியும் அசைவில்லை என்றால் முதலமைச்சரின் உதவி மைய எண் 1100க்குப் போன் செய்து பதிவு செய்யுங்கள். அதற்கும் பிறகுதான் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில். அதில் ‘ஏன் பஸ் விடவில்லை?’ என்று கேட்காதீர்கள், காரணம் கேட்டால் தகவல் இல்லை என்று எழுதிவிட முடியும். ‘எனது இந்தத் தேதியிட்ட மனு மீது எழுதப்பட்ட அலுவலகக் குறிப்புகளின் நகல் தருக’ என்று கேளுங்கள். கோப்பில் குறிப்பே இல்லையென்றால் அதை எழுத வேண்டிய கட்டாயம் அன்றைக்கே வந்துவிடும். ராஜஸ்தானில் 1990களில் கூலி வேலை செய்த கிராமத்து மக்கள், வேலைப் பதிவேட்டின் நகலைக் கொடு என்று கேட்கத் தொடங்கினார்கள். 1996இல் அங்குள்ள பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணாவில் உட்கார்ந்தார்கள். நாடு முழுமைக்கும் 2005இல் இந்தச் சட்டம் வந்ததற்கு அந்த நகல் கேட்டவர்கள் பெரிய காரணம்.

ஒருவேளை மேலாளர் 8.20 முடியாது, 8.30 முடியும் என்று சொல்வார். 8.30க்குக் கிளம்பினால் பிள்ளைகள் 9.05க்குப் பள்ளி நிறுத்தத்தில் இறங்கிவிடுவார்கள். பத்து நிமிடம் இருக்கிறது, நடந்து போய்விடலாம். ஊரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வராமல் அங்கேயே சரி என்று சொல்வதற்கு உங்கள் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். எது வரைக்கும் இறங்கலாம் என்பது தெரிந்து போகிறவர்தான் காரியத்தை முடித்துக்கொண்டு வர முடியும்.

நேரம் மாறிய முதல் வாரத்தில் கிளை மேலாளருக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தடம், எத்தனை மணி, எத்தனை பிள்ளைகள் என்று அதிலும் இருக்கட்டும். நகல் பொது மேலாளருக்கும் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கும். ஆறு வருடத்தில் எங்கள் பிரிவுக்கு வந்த நன்றிக் கடிதங்களை என்னால் விரல் விட்டு எண்ணிவிட முடியும், ஒவ்வொன்றும் யார் எழுதியது என்று இன்னும் நினைவிருக்கிறது. அதற்கு இன்னொரு பயனும் உண்டு. மேலாளர் மாறுவார், ஜூனில் பள்ளி திறக்கும்போது புதியவர் நேர அட்டவணையைத் திருத்த உட்காருவார். 8.20 யாருக்காக வந்தது என்று அவர் தேடும்போது கோப்பில் உங்கள் கடிதம் இருக்கும்.

மனுவை எழுதி முடித்ததும், கொடுப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். நோட்டின் முதல் பத்து வரியையும் படம் எடுத்து அனுப்புங்கள்.